நீச்சல் பந்தயம்: பிள்ளைகள் நொடிகளை இழப்பது எங்கே?

2008-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் பந்தயம். பாதித் தூரம் கடந்து திரும்பும்போது அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஏழாவது இடத்தில்தான் இருந்தார். முன்னணியில் இருந்தவர் செர்பிய வீரர் மிலோராட் சாவிச். முடிவுச் சுவர் நெருங்கியபோது சாவிச் கைகளை முன்னே நீட்டியபடி வழுக்கிச் சென்று சுவரைத் தொட முயன்றார். ஃபெல்ப்ஸோ இன்னும் ஓர் அரைவீச்சு வீசிச் சுவரில் அறைந்தார். பலகையில் தெரிந்த நேரம்: ஃபெல்ப்ஸ் 50.58 நொடி, சாவிச் 50.59 நொடி. ஒரு நொடியை நூறாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குதான் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது.

அந்த ஒரு பங்கைப் பெற்றுத் தந்தது தோள் வலிமை மட்டுமன்று. சுவரை எப்படித் தொட வேண்டும் என்ற பழக்கமும்தான்.

உங்கள் இல்லத்திலும் பள்ளிப் போட்டிக்கோ, மாவட்டப் போட்டிக்கோ ஆயத்தமாகும் ஒரு மகனோ மகளோ இருக்கக்கூடும். விடியற்காலையில் பிள்ளையை எழுப்பிக் குளத்திற்கு அழைத்துச் செல்லும் வாப்பாமார்களும், ஈரத்துணியைப் பிழிந்து காயப்போடும் உம்மாமார்களும் எதிர்பார்ப்பதெல்லாம் ஒன்றுதான்: நேரம் குறைய வேண்டும். அது குறையாதபோது கரையிலிருந்து நாம் தரும் யோசனையும் ஒன்றுதான்: ‘இன்னும் வேகமாகக் கையை வீசு!’ பெரும்பாலும் பிள்ளையின் நேரம் அந்த வீச்சில் போகவில்லை. அது வேறு சில இடங்களில் கசிகிறது. அவற்றை அறிந்துகொண்டால் பிள்ளையின் உழைப்பும் வீணாகாது. நம் கோபமும் தணியும்.

தண்ணீரின் கணக்கு

நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிகுந்தது. ஓடுபவனைக் காற்று தடுப்பதைவிட நீந்துபவனை நீர் தடுப்பது மிகமிக அதிகம். அது மட்டுமன்று, வேகம் இரண்டு மடங்கானால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே, வெறும் பலத்தைக் கூட்டி வேகத்தைக் கூட்ட நினைப்பவன் விரைவில் களைத்துப் போகிறான். நீர் தன்னைத் தடுக்க இடம் கொடுக்காதவனே முந்துகிறான்.

இதற்கு ஒரு சான்று உண்டு. 2009-ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் 43 உலகச் சாதனைகள் முறியடிக்கப்பட்டன. வீரர்களின் கைகள் ஓராண்டில் திடீரென நீண்டுவிடவில்லை. உடலை இறுக்கி, நீரின் பிடியைக் குறைத்து, மிதப்பையும் கூட்டித் தந்த சிறப்பு ஆடைகளே அதற்குப் பெருங்காரணம். அந்த ஆடைகள் 2010 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. நமக்கான பாடம், எதிர்ப்பைக் குறைத்தால் நேரம் குறையும் என்பதே. அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உடலை நேராக வைக்கக் கற்றுக்கொண்டாலே போதும்.

ஒரு கையின் மேல் மறு கையை அடுக்கி, இரு புயங்களும் காதுகளை அழுத்தும்படி நீட்டி, தலையைத் தாழ்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, கால்விரல்களைப் பின்னோக்கி நீட்டிய நிலை ஒன்று உண்டு. அம்பு போன்ற இந்த நிலையே நீச்சலின் அரிச்சுவடி. வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடியே பிள்ளை இதைப் பழகலாம். தலையை உயர்த்தி நீந்தும் பிள்ளைக்கு இடுப்பும் காலும் தாழ்ந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு கை வீசினாலும் அது மேட்டில் வண்டி இழுப்பது போலத்தான்.

குதிக்கும் நொடி

பந்தயம் முழுவதிலும் பிள்ளை மிக வேகமாகச் செல்வது, மேடையிலிருந்து பாய்ந்து நீருக்குள் நுழையும் கணத்தில்தான். அந்த வேகத்தைக் கைகளால் உண்டாக்க முடியாது. கிடைத்ததைக் காப்பாற்றத்தான் முடியும். வயிறு நீரில் ‘பளார்’ என்று மோதினால் அது அங்கேயே தீர்ந்துபோகிறது. கைகள் நுழைந்த அதே இடத்தில் தலையும், இடுப்பும், பாதங்களும் நுழைய வேண்டும். நீரில் ஒரே ஒரு துளை இருப்பதாகவும், உடல் முழுவதும் அதன் வழியே புக வேண்டும் என்றும் எண்ணிப் பழகினால் பிள்ளைக்கு எளிதில் புரியும்.

மேடையில் நிற்கும்போது பக்கத்துப் பாதைக்காரனைப் பார்க்காமல், ஒலிக்கு மட்டும் செவி கொடுக்கப் பழக வேண்டும். பன்னாட்டு விதிப்படி, ஒலிக்கு முன் புறப்பட்டால் ஒரே முறையில் தகுதி போய்விடும். பல மாதப் பயிற்சி ஒரு பதற்றத்தில் வீணாவதற்கு இதுவே எளிய வழி.

பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தொடக்க மேடை உள்ள குளங்களில், சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை, ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ஆழமற்ற இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து பழகினால் கழுத்தெலும்பு முறியலாம். வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரிடலாம். ஆழம் தெரியாத குளத்தில் பாய்ச்சல் பயிற்சிக்கு அனுமதி தராதீர்கள்.

சுவர்கள் தரும் பரிசு

25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் நீந்தும் பிள்ளை ஏழு முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் 0.3 நொடி மிச்சமானால் மொத்தம் 2.1 நொடி. இதே 2.1 நொடியைக் கைவலிமையால் பெறுவதற்கு எத்தனை மாத உழைப்பு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குளத்தின் அடியில் உள்ள கறுப்புக்கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பே ஒரு குறுக்குக்கோட்டோடு முடிந்துவிடும். அது அலங்காரத்திற்கு அன்று. அதைக் கண்டதும் சுவர் எங்கே என்று தலையைத் தூக்காமல் அறிந்துகொள்ளலாம். மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக் வீரர்களுக்காகச் சுவரிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் தலைக்கு மேல் கொடித்தோரணம் கட்டப்பட்டிருக்கும். கொடியிலிருந்து சுவர் வரை தனக்கு எத்தனை வீச்சு என்பதைப் பிள்ளை எண்ணி வைத்திருக்க வேண்டும். எண்ணாத பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்து வேகம் இழக்கிறது. அல்லது சுவரில் தலையை இடித்துக்கொள்கிறது.

திருப்பத்தில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று: சுவரை நெருங்கியதும் வேகத்தைக் குறைப்பது, சுவருக்கு முந்திய கடைசி வீச்சில் மூச்சு எடுப்பது, சுவரை உதைத்து மேலே வந்ததும் முதல் வீச்சிலேயே மீண்டும் மூச்சு எடுப்பது. இந்த மூன்றையும் திருத்துவதற்குப் புதிய பலம் எதுவும் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

நீருக்கடியில் ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும்

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில், அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் 100 மீட்டர் பேக் ஸ்ட்ரோக் பந்தயத்தில் ஏறத்தாழ 35 மீட்டர் தூரத்தை நீருக்கடியிலேயே, மீனைப்போல் உடலை நெளித்துக் கடந்தார். தங்கம் வென்ற ஜப்பானியர் தாய்ச்சி சுஸுகியும் அதே உத்தியையே கையாண்டார். நீர்ப்பரப்பில் அலைகளைக் கிளப்பிச் செல்வதைவிட நீருக்கடியில் செல்வது வேகமானது என்பதை உலகம் அன்று கண்டது. பின்னர் அதற்கு எல்லை வகுக்கப்பட்டது. இன்று ப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை ஆகிய மூன்றிலும் பாய்ச்சலுக்கோ திருப்பத்துக்கோ பின்னர் 15 மீட்டருக்குள் தலை நீருக்கு மேல் வந்துவிட வேண்டும்.

சிறுவர்கள் 15 மீட்டரை எட்ட முயல வேண்டியதில்லை. சுவரை உதைத்தபின் மூன்று முதல் ஐந்து வலுவான உதைப்புகள் போதும். நீருக்கடியில் வேகம் குறைந்து, நீந்தும் வேகத்திற்குச் சமமாகும் கணத்தில் மேலே வருவதே சரி. அதற்கு முன் வந்தாலும் நட்டம். அதற்குப் பின் வந்தாலும் நட்டம்.

இனி எச்சரிக்கை. நீருக்கடியில் அதிக நேரம் தாக்குப்பிடிப்பதற்காக, மூழ்குவதற்கு முன் பல முறை வேகவேகமாக ஆழ்ந்த மூச்சு இழுத்து விடும் வழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. இது உயிரைப் பறிக்கக்கூடியது. மூச்சு எடுக்க வேண்டும் என்ற தவிப்பை உடலில் பெரிதும் எழுப்புவது கரியமிலவாயு. அப்படி ஊதித் தள்ளும்போது அந்த வாயு குறைந்துவிடுகிறது, தவிப்பு தாமதமாகிறது. அதற்குள் உயிர்வளி தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பிள்ளை நீருக்கடியில் மயங்கிவிடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இவ்விதம் இறந்திருக்கிறார்கள். ஆகவே, மூச்சடக்கும் பந்தயம் வேண்டாம். பயிற்சியாளரின் கண் இல்லாமல் நீருக்கடிப் பயிற்சியும் வேண்டாம்.

எண்ணி நீந்துதல்

நீந்தும் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம்: ஒரு வீச்சில் கடக்கும் தூரம் ஒன்று, ஒரு நிமிடத்தில் வீசும் எண்ணிக்கை மற்றொன்று. ‘வேகமாக வீசு’ என்று நாம் கத்தும்போது இரண்டாவது எண் கூடுகிறது. முதலாவது எண் அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. பிள்ளை நுரை கிளப்புகிறதே தவிர முன்னேறுவதில்லை.

இதற்கு ஓர் எளிய விளையாட்டு உண்டு. 25 மீட்டர் தூரத்தை நீந்தி, எடுத்த நொடிகளையும் வீச்சுகளையும் கூட்டுங்கள். 20 நொடி, 24 வீச்சு என்றால் 44. மறுமுறை அதே 20 நொடியில் 22 வீச்சுகளில் வந்தால் 42. கூட்டுத்தொகை குறைவது முன்னேற்றம். சிறுவர்கள் இதை மிகவும் விரும்பி ஆடுவார்கள்.

எண்ணும் பழக்கம் இடுக்கண் வரும்போதும் காக்கும். அதே பெய்ஜிங்கில், ஆகஸ்ட் 13 அன்று, 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் பந்தயத்தில் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் நீர் புகுந்து நிறைந்துவிட்டது. சுவர் தெரியவில்லை, பக்கத்தில் வருபவர் தெரியவில்லை. அவர் தன் வீச்சுகளை எண்ணிக்கொண்டே நீந்தினார். 1 நிமிடம் 52.03 நொடியில் முடித்துத் தங்கம் வென்றார். அது உலகச் சாதனையும் ஆயிற்று.

வேகத்தைப் பங்கிடுதல்

200 மீட்டர் பந்தயத்தில் முதல் 50 மீட்டரில் எல்லோரையும் முந்திவிட்டு, கடைசி 50 மீட்டரில் எல்லோராலும் முந்தப்படும் பிள்ளையை ஒவ்வொரு போட்டியிலும் காணலாம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பிள்ளை நான்கு 50 மீட்டர்களையும் 34, 40, 44, 46 நொடிகளில் நீந்தினால் மொத்தம் 2 நிமிடம் 44 நொடி. அதே பிள்ளை 38, 41, 41, 40 என்று நீந்தினால் 2 நிமிடம் 40 நொடி. முதல் பகுதியில் நான்கு நொடி விட்டுக்கொடுத்த பிள்ளை, முடிவில் நான்கு நொடி முன்னதாக வந்து சேர்கிறது. தொடக்கத்தில் தசைகளைக் களைக்கச் செய்துவிட்டால், பின்னர் அந்தக் கடனை வட்டியோடு கட்ட வேண்டும்.

இந்த அளவறிவு பயிற்சியில்தான் வரும். ஓயாமல் மெதுவாக நீண்ட தூரம் நீந்துவதால் மட்டும் அது வராது. பந்தயத்தில் நீந்த விரும்பும் வேகத்திலேயே, 25 மீட்டரோ 50 மீட்டரோ கொண்ட சிறு துண்டுகளாக, இடையில் ஓய்வு கொடுத்து நீந்த வேண்டும். பிள்ளை வேகத்தைக் காப்பாற்ற முடியாமல் போகும் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். தவறான வேகத்தில் நூறு முறை நீந்துவது தவறான வேகத்தையே மனப்பாடம் செய்வதாகும்.

இதோ இன்னொரு பந்தயம். 2021 ஜூலை 25, டோக்கியோ. ஆண்களுக்கான 400 மீட்டர் ப்ரீஸ்டைல் இறுதிப் பந்தயத்துக்கு எட்டாவதாக, கடைசி ஆளாகத் தேர்வானவர் துனீசியா நாட்டின் 18 வயது இளைஞர் அஹ்மத் ஹஃப்னாவி. அவருக்குக் கிடைத்தது ஓரத்தில் உள்ள எட்டாவது பாதை. அவரைப் பெரிதாக எண்ணியவர்கள் மிகச் சிலரே. முன்னணியில் இருந்தவர்களை விட்டு விலகாமல் நீந்திய அவர், கடைசிக் கட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஜாக் மெக்லாஃப்லினை முந்தி 3 நிமிடம் 43.36 நொடியில் தங்கம் வென்றார். இடைவெளி 0.16 நொடி. கடைசி ஆளாகத் தேர்வு பெறுவது தோல்வி அன்று. கடைசி 50 மீட்டருக்குப் பலத்தை மிச்சம் வைக்காததே தோல்வி.

முடிவுச் சுவரும் விதிகளும்

கடைசி 5 மீட்டரில் மூச்சு எடுக்காமல் முழு வீச்சோடு வந்து சுவரைத் தொடப் பயிற்சியின்போதே பழக்க வேண்டும். பயிற்சியில் ஒவ்வொரு முறையும் சுவருக்கு முன்னே நின்றுவிடும் பிள்ளை, பந்தயத்திலும் அப்படியே செய்யும்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும், திரும்பும்போதும் முடிக்கும்போதும், இரு கைகளும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட வேண்டும். பேக் ஸ்ட்ரோக்கில் மல்லாந்த நிலையிலேயே முடிக்க வேண்டும். இவற்றை மறந்து, முதலாவதாக வந்தும் தகுதி இழந்து அழும் பிள்ளைகள் உண்டு. விதிகளைப் பெற்றோரும் ஒரு முறை படித்து வைத்திருப்பது நல்லது.

25 மீட்டர் குளத்தில் பழகிய பிள்ளை 50 மீட்டர் குளத்தில் நீந்தும்போது திருப்பங்கள் குறைவதால் நேரம் கூடவே செய்யும். 1995-ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சென்னை வேளச்சேரியில் கட்டப்பட்ட வளாகம் போன்ற பெரிய குளத்தில் முதன்முறை நீந்திவிட்டு, ‘நேரம் கூடிவிட்டதே’ என்று வருந்தும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இல்லத்தின் பங்கு

6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அதிகாலைப் பயிற்சிக்கு எழுப்புகிறவர்கள் இரவில் அதற்கேற்ப முன்னதாகப் படுக்க வைக்கவும் வேண்டும்.

பந்தயத்தன்று நெய்ச்சோறும் பிரியாணியும் வேண்டாம். அவற்றை வெற்றிக்குப் பின் ஆக்கிப் போடலாம். தோல்விக்குப் பின்னும் ஆக்கிப் போடலாம்! பந்தயத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லி போன்ற எளிய உணவும், இடையில் வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ போதும். நீருக்குள் இருந்தாலும் உடல் வியர்க்கிறது, குடிநீர் அவசியம். நோன்பு நோற்கும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, கடும் பயிற்சியை நோன்பு திறந்த பின்னர் வைத்துக்கொள்ளுங்கள். தோள்வலி என்று பிள்ளை சொன்னால் ‘சோம்பல்’ என்று தள்ளிவிடாதீர்கள். பந்தயத்துக்கு முந்திய நாட்களில் தூரத்தைக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பதே முறை.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் உடையை எண்ணிப் பல இல்லங்களில் பயிற்சி நின்றுவிடுகிறது. 2010 முதல் பன்னாட்டுக் குளப் போட்டிகளில் பெண்களின் உடை தோள் முதல் முழங்கால் வரை இருக்கலாம் என்பது விதி. 2017-இல் இங்கிலாந்தின் நீச்சல் அமைப்பு, தன் நாட்டுப் போட்டிகளில் உடல் முழுவதும் மூடும் உடைக்கும் வழி செய்தது. ஆகவே, விதிகள் இடத்துக்கு இடம் மாறும். நடத்துபவர்களிடம் முன்னரே கேட்டு எழுத்தில் பெறுங்கள். கேட்காமலேயே கதவை மூடிவிட வேண்டாம்.

கடிகாரமும் வயதும்

பெண் பிள்ளைகள் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகள் 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ வளர்ச்சியைத் தொடங்குகிறார்கள். அதனால் பன்னிரண்டு வயதுப் பிரிவில் நிற்கும் இருவரில் ஒருவன் உடலால் இளைஞனாகவும், மற்றவன் இன்னும் சிறுவனாகவும் இருக்கலாம். பிறந்த ஆண்டு ஒன்றே. உடலின் வயது வேறு. அவர்களின் நேரத்தை ஒப்பிட்டு ஒருவனைப் புகழ்வதும் மற்றவனை இகழ்வதும் அநீதியாகும். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 2012-இல் லண்டனில் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதே நாட்டின் அந்தோணி எர்வின் 2000-இல் 19 வயதில் வென்ற 50 மீட்டர் ப்ரீஸ்டைல் தங்கத்தை, 2016-இல் 35 வயதில் மீண்டும் வென்றார். ஒவ்வொருவருக்கும் காலம் வேறு.

பெற்றோர்களே, இன்றே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அதில் நேரத்துக்கு ஒரு பத்தி மட்டும் போதாது. பாய்ச்சல், திருப்பம், வீச்சின் எண்ணிக்கை, ஒவ்வொரு 50 மீட்டரின் நேரம், முடிவுத் தொடல் ஆகியவற்றுக்கும் பத்திகள் போடுங்கள். பிள்ளையே தன் கையால் எழுதட்டும். நேரம் குறையாத மாதத்திலும் இந்தப் பத்திகளில் ஏதேனும் ஒன்று முன்னேறியிருக்கும். அதைக் காணும் பிள்ளை மறுநாளும் குளத்துக்குப் போக விரும்பும்.

பந்தயம் முடிந்து, தலை துவட்டிக்கொண்டு வரும் பிள்ளையிடம் ‘எத்தனையாவதாக வந்தாய்?’ என்று முதலில் கேட்காதீர்கள். ‘திருப்பம் எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்குரிய விடை மற்ற ஏழு பாதைகளில் இருப்பவர்களின் கையிலும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குரிய விடை உங்கள் பிள்ளையின் கையில் மட்டுமே இருக்கிறது.